கடை வாசல்ல நிலம் ரெண்டாந்தரமும் இறங்கிட்டுது, என்ன செய்யிறது?

வெள்ளவத்தை_கடைக்காரன் | திங்கள் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். (தலைப்பில முதல் "புதைகுழி" எண்டு போட்டிருந்தன், மாத்திட்டன், ஏனெண்டு கீழ பாருங்கோ.)

காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கை ஒண்டில எனக்கு ஸ்டேஷனரி, போட்டோகொப்பி கடை. 14 வருசமா நடத்துறன், அப்பா வாங்கின கட்டடம், கீழ கடை, மேல ரெண்டு மாடி வாடகைக்கு விட்டிருக்கு. மூண்டு கிழமைக்கு முதல் வாசல் நடைபாதையில ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவில பள்ளம் விழுந்துது, பெரிசா எடுக்கேல்ல. ரெண்டு நாளில ரெண்டடி அகலமாகிட்டுது, கையை விட்டா தோள்மூட்டு மட்டும் போகுது, அடியைத் தொடேலாது. அறிவிச்சு ஆக்கள் வந்து கிரவல் கொட்டி மேல தார் ஊத்தி அமத்திட்டுப் போட்டினம். நேற்றுக் காலமை ஷட்டர் திறக்கப் போறன், அந்தத் தார் அப்பம் மாதிரி நடுவில குழிஞ்சு கிடக்கு.

பக்கத்துக் காணியில ரெண்டு தட்டு பேஸ்மெண்டோட பிளாட் ஒண்டு எழும்புது. நாலு மாசமாக் கிண்டுறாங்கள், இரவு பகலா தண்ணியைப் பம்ப் பண்ணி கானுக்குள்ள விடுறாங்கள். அவையிட்டக் கேட்டா "அது ரோட்டுப் பைப் பிரச்சினை அண்ணை" எண்டினம், ரோட்டு ஆக்களிட்டக் கேட்டா "அது பில்டிங் வேலையால" எண்டினம். டித்வா புயல் மழைக்கே ஒண்டும் நடக்காத இடம் இது.

எங்கட மேசன் பாஸ் சொல்லுறார், குழியை வெட்டித் துப்புரவாக்கி ரெண்டு லோட் கொங்கிரீட் போட்டா சீவியத்துக்கும் அசையாதாம். செய்யலாமோ? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.


தெஹிவளை_ரவி | திங்கள் இரவு 10.02

பாஸ் சொல்றது சரி. கொங்கிரீட் போடுங்க, முடிஞ்சுது. இதுக்கெல்லாம் இஞ்சினியரைக் கூப்பிட்டா அவர் பீஸ்லயே இன்னொரு கடை போடலாம்.


சுன்னாகத்தார் | திங்கள் இரவு 10.15

தம்பி, முதல்ல தலைப்பை மாத்தும். புதைகுழி எண்டதைப் பாத்ததும் நெஞ்சு திக்கெண்டுது, இன்னொரு செம்மணி மனிதப் புதைகுழி எண்டு நினைச்சுத்தான் திறந்தன். எங்கட சனத்துக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தந்தான் இருக்கு.

மற்றது, நீர் சொல்லுறது சிங்க்ஹோல் (நிலம் உள்வாங்கி விழுற குழி) எண்டா அது எங்கட ஊரில வாறது. யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணத்தைப் பாத்தனீரோ? ராமர் அம்பு விட்டு உண்டாக்கினது எண்டுவினம், தேசிக்காயைப் போட்டா கீரிமலையில மிதக்குமெண்டும் சொல்லுவினம். கதையை விடும், அடியில சுண்ணாம்புக்கல்லு கரைஞ்சு குகையாகி மேல்மூடி இடிஞ்சதுதான் அது. கொழும்பில எங்க சுண்ணாம்புக்கல்லு?


போர்ஹோல்_பொடியன் | திங்கள் இரவு 11.28

மண் பரிசோதனை வேலையில 11 வருசம், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

சுன்னாகத்தார் ஐயா சொன்னது சரி. யாழ்ப்பாணத்துக்கு அடியில சுண்ணாம்புக்கல், கொழும்புக்கு அடியில கடினமான பழைய பாறை, அது தண்ணியில கரையாது. அதுக்கு மேல சில இடத்தில கபுக் (செம்பூராங்கல்), சில இடத்தில கடல் மணல், பள்ளக் காணியளில சேறும் பீட்டும் (உக்கின செடிகொடி மண்). ஆனா பாறை கரையாட்டி குழி விழாது எண்டில்லை. மணல் ஓடினாலும் விழும். குவாத்தமாலா நகரத்தில 2010 மே மாசம் மூண்டு மாடிக் கட்டடத்தையே விழுங்கின குழியைப் பாத்திருப்பியள், கிட்டத்தட்ட 20 மீட்டர் அகலம், அதை விடப் பல மடங்கு ஆழம். அங்க அடியில எரிமலைச் சாம்பல், சுண்ணாம்புக்கல் இல்லை. ஒழுகின கழிவுநீர்க் குழாயும் புயல் மழையும் சேந்து செய்த வேலையெண்டுதான் ஆராஞ்ச ஆக்கள் சொன்னவை.

இப்ப உங்கட குழி. எல்லாரும் "எதால மூடுறது" எண்டு கேக்கினம். நான் கேக்கிறது, அங்க இருந்த மண் எங்க போனது? கை தோள் மட்டும் போற குழியை மூடக் கொட்டின கிரவலும் ரெண்டு கிழமையில இறங்கிட்டுது எண்டா, உள்ளுக்க கிடந்த மண் எங்கயோ நடந்து போகுது. மண்ணுக்குக் கால் இல்லை, தண்ணிதான் கொண்டு போகும். அப்ப ரெண்டு விசயம் இருக்க வேணும்: ஒண்டு தண்ணி வாற இடம், மற்றது மண் போய்ச் சேருற இடம். உடைஞ்ச சுவேஜ் (கழிவுநீர்) பைப் எண்டா ரெண்டும் அதேதான், மழைக்கு நிரம்பி ஒழுகும், பிறகு வத்தேக்க மணலையும் இழுத்துக்கொண்டு போகும். பக்கத்தில பேஸ்மெண்ட் பம்ப் ஓடுது எண்டா அதுவும் மண் போய்ச் சேருற இடமாகலாம், ஷீட் பைல் (கிடங்கைச் சுத்தி இறக்கின இரும்புத் தகட்டுச் சுவர்) பூட்டு விட்டிருந்தா அந்த நீக்கலுக்கால மணல் வடிஞ்சு பம்ப் நிக்கிற குழிக்குள்ள போகும்.

இது தெரியாமக் கொங்கிரீட் போட்டா என்ன நடக்கும்? கொங்கிரீட் ஒரு மூடியா நிக்கும். அதுக்குக் கீழ மணல் போய்க்கொண்டே இருக்கும், ஆனா இனி உங்களுக்குத் தெரியாது. இப்பவாவது அப்பம் மாதிரிக் குழிஞ்சு காட்டித் தருது. பிறகு காட்டாது, ஒரு நாளைக்கு மூடியோட சேந்து கீழ போகும், பக்கத்தில மோட்டச்சைக்கிள் நிண்டா அதுவும்.

கேள்வி: கடைக்குள்ள ஏதும் மாற்றம் இருக்கோ? தரை, கதவு, சுவர்?


தெஹிவளை_ரவி | செவ்வாய் காலை 7.10

ஆளை ஆள் பயப்படுத்தாதீங்க. குவாத்தமாலா எங்க வெள்ளவத்தை எங்க.


வெள்ளவத்தை_கடைக்காரன் | செவ்வாய் காலை 8.25

பொடியன் கேட்ட பிறகுதான் பாத்தன். பெரிய கொப்பி மெசின் நிக்கிற மூலையில மூண்டு நாலு டைல் தட்டிப் பாத்தா தேங்காய்ச் சிரட்டை மாதிரிச் சத்தம் கேக்குது. ஷட்டர் இடப் பக்கம் ஒரு மாசமா இறுகுது, கிரீஸ் போட்டுக்கொண்டு இருந்தன், ஷட்டர் பாஸைக் கூட ஒருக்கா கூப்பிட்டனான். வாசல் நிலைக்கு மேல சாய்வா ஒரு மயிர் வெடிப்பு, அது முந்தியே இருந்ததோ இப்ப வந்ததோ எண்டு சத்தியமா ஞாபகமில்லை.


போர்ஹோல்_பொடியன் | செவ்வாய் காலை 8.51

ஷட்டர் இறுகிறது கிரீஸ் பிரச்சினை இல்லை அண்ணை, நிலை சரியுது.

இண்டைக்கே செய்ய வேண்டியது. அந்த மூலையில இருந்து மெசினை எடுங்கோ. பேப்பர் ஸ்டொக் எங்க அடுக்கியிருக்கிறியள்? ஏ4 ஒரு ரீம் ரெண்டரைக் கிலோ, அஞ்சு ரீம் பெட்டி பன்னிரண்டரைக் கிலோ, 200 பெட்டி எண்டா ரெண்டரைத் தொன். அதைப் பின்பக்கச் சுவரோட பரவலா வையுங்கோ. வாசல் குழியைச் சுத்தி ஏதாவது கட்டி மறியுங்கோ, பலகை போட்டு மட்டும் மூட வேண்டாம், பலகையைப் பாத்தா சனம் அதுக்கு மேலதான் நடக்கும். மேல் மாடி ஆக்களுக்கும் சொல்லி வையுங்கோ.

வெடிப்பின்ர ரெண்டு நுனியிலயும் பென்சிலால குறுக்கா ஒரு கோடு போட்டு திகதி எழுதுங்கோ. நடுவில அடிமட்டத்தை வைச்சுப் படம் எடுங்கோ. ஒவ்வொரு கிழமையும் அதே இடத்தில நிண்டு அதே மாதிரி எடுங்கோ. வெடிப்பு இருக்கிறது பெரிய விசயமில்லை, கொழும்பில வெடிப்பில்லாத சுவர் எங்க இருக்கு, வளருதா எண்டதுதான் கேள்வி.

இரவைக்கு எல்லாப் பைப்பையும் பூட்டிட்டு தண்ணி மீட்டரைப் பாத்து நம்பரை எழுதி, விடியக் காலமை திரும்பப் பாருங்கோ. ஏறியிருந்தா உங்கட குடிதண்ணி லைன்ல ஒழுக்கு. ரோட்டு மெயின் ஒழுகுதோ எண்ட சந்தேகத்துக்கு 1939க்கு அடிச்சு முறைப்பாட்டு நம்பர் வாங்கி வையுங்கோ, நம்பர் முக்கியம்.


புறக்கோட்டை_நானா | செவ்வாய் பகல் 12.40

நம்மட கடையிலயும் இப்பிடி ஒண்டு நடந்தீக்கு, வாப்பாட காலத்துல. மழை டைம்ல ஒரு நாள் காலைல வந்து பாத்தா அரிசி மூடை அடுக்கின இடம் ஒண்டரையடி கீழ போயீக்கு, மூடை எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிது. ஜின் வேலை, செய்வினை எண்டு ஆளுக்கொரு கதை சொன்னாங்க. தோண்டிப் பாத்தா அடியில பழைய கிணறு! முந்தி வீடா இருந்த இடமாம், கிணத்துக்குள்ள குப்பை, தேங்காமட்டை, உடைஞ்ச ஓடு எல்லாத்தையும் போட்டு மூடிட்டு மேல நிலம் இழுத்தீக்கிறாங்க. மட்டை உக்கி உக்கி இறங்கினது.

உங்கட கட்டடத்துக்கு முந்தி அதுல என்ன இருந்த எண்டு பழைய ஆள் யாராச்சும் ஈந்தா கேளுங்க. பழைய வீடு எண்டா கிணறும் ஈக்கும், கக்கூசுக் குழியும் ஈக்கும்.


போர்ஹோல்_பொடியன் | செவ்வாய் பகல் 1.05

நானா சொன்னதுதான் கொழும்புக்குப் பொருத்தமான கதை. பழைய கிணறு, பழைய சோக்கேஜ் குழி (கழிவுத் தண்ணி ஊற விடுறது), உக்கின மரக்குத்தி, இதுகள் வரைபடத்தில இருக்காது. காணி உறுதியோட இருக்கிற பழைய சேவே (நில அளவை) பிளானைப் பாருங்கோ, சில பிளானில கிணறு சின்ன வட்டமாப் போட்டிருக்கும்.


மலையக_மகள் | செவ்வாய் மாலை 4.30

நான் பண்டாரவளைப் பக்கம், இப்ப கொழும்புல வேலை. தண்ணிய எடுத்தா நிலம் எறங்கும்னு எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. உமா ஓயா நீர்மின் திட்டத்துக்கு சுரங்கம் தோண்டுறப்ப 2014 டிசம்பர்ல உள்ளுக்குத் தண்ணி பாய ஆரம்பிச்சுச்சு, மேல எங்க பக்கம் கிணறெல்லாம் வத்திப் போச்சு, வீடு வீடா வெடிப்பு, சில எடத்துல நெலமே எறங்குச்சு. 2017ல சனம் ரோட்டுக்கு எறங்கி ஊர்வலம் போனப்பதான் கொழும்புக்காரங்க திரும்பிப் பாத்தாங்க. திட்டம் முடிஞ்சு 2024 ஏப்ரல்ல ஈரான் ஜனாதிபதி வந்து தொறந்து வச்சுட்டுப் போனாரு. எங்க பெரியம்மா வீட்டு சுவர்ல வெடிப்பு மட்டும் அப்பிடியே இருக்கு.

அதனால சொல்றேன் அண்ணா, பக்கத்து சைட் பம்ப் எத்தன மணிக்கு ஓடுது, என்ன நெறத்துல தண்ணி வருதுன்னு எழுதி வைங்க. எங்க ஆளுங்க எழுதி வைக்கல, வெடிப்புக்குத் தேதி இல்லாததால நஷ்டஈடு கேக்குறப்ப "இது பழைய வெடிப்பு"ன்னுட்டாங்க.


போர்ஹோல்_பொடியன் | செவ்வாய் மாலை 5.12

அந்தத் தண்ணியை ஒரு வெள்ளைப் பக்கெட்டில பிடிச்சு அரை மணித்தியாலம் அசையாம வையுங்கோ. அடியில மணல் படிஞ்சா அந்தப் பம்ப் தண்ணியோட நிலத்தையும் எடுக்குது. ஒழுங்கான சைட் எண்டா தண்ணியைக் கானுக்குள்ள விட முதல் தொட்டி ஒண்டில அடைய விட்டு, எவ்வளவு மண் சேருது எண்டு பாப்பினம்.

மணல் வராட்டியும் கதை முடியேல்ல. நிலத்தடித் தண்ணி மட்டம் இறங்கினா மண் துகள்களைத் தாங்கின தண்ணி இல்லாமப் போகும், மேல் பாரமெல்லாம் துகள்களுக்கு வரும், மண் நெருங்கி அமரும். மணலில இது கொஞ்சந்தான், பீட்டிலயும் களியிலயும் இது பேய். கொலன்னாவை, அத்திடிய மாதிரிச் சதுப்புப் பக்கம் ஸ்டோர் வைச்சிருக்கிற ஆக்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான், அங்க குழி விழுறதை விடக் கட்டடம் ஒரு பக்கமா இறங்கிறதுதான் கூட.


கொட்டாஞ்சேனை_அக்கா | செவ்வாய் இரவு 8.19

இடையில கேக்கிறன் மன்னிக்கோணும், நான் சொந்தக்காரி இல்லை, வாடகைக்கு தையல் கடை. தரை இறங்கினா ஆர் பாக்கோணும்? ஓனரிட்டச் சொன்னா "கார்பெட் போடுங்கோ" எண்டார்.


காப்புறுதி_தம்பி | செவ்வாய் இரவு 9.03

கார்பெட் 😂 அக்கா, லீஸ் பத்திரத்த எடுத்து "ஸ்ட்ரக்சரல் ரிப்பேர்" யார் பொறுப்புன்னு போட்டிருக்கா பாருங்க, வழக்கமா ஓனர் பக்கம்தான் இருக்கும், ஆனா நீங்க எழுத்துல அறிவிச்சிருக்கணும். இன்னைக்கே ஒரு கடிதம், பதிவுத் தபால்ல. உங்க மெசின், துணிக்கு நீங்கதான் இன்சூரன்ஸ் எடுக்கணும், ஓனரோட பொலிசி கட்டடத்துக்கு மட்டும்தான்.

வெள்ளவத்தை அண்ணன், உங்களுக்கு ஒரு கேள்வி. கட்டடத்துக்கு பயர் பொலிசி இருக்குமே, அதுல "சப்சிடன்ஸ் அண்ட் லேண்ட்ஸ்லிப்" (நிலம் இறங்குறது, சரியுறது) கவர் சேத்திருக்கா? பாதிப் பேர் நெருப்பு, வெள்ளம், கலவரம் மூணையும் டிக் பண்ணிட்டு இத விட்டுருவாங்க, கொழும்புல மலையா இருக்குன்னு கேப்பாங்க. சேத்திருந்தாலும் சின்ன எழுத்தப் படிங்க. புதுக் கட்டடம் வழக்கமா அமர்றது, கடலரிப்பு, பிழையான டிசைன், கட்டுமான வேலையால வர்றது, இதெல்லாம் வெளியில இருக்கும். அப்ப பக்கத்து சைட்டாலதான்னு நிரூபிச்சீங்கன்னா உங்க பொலிசி கை விரிச்சுடும், அவங்க பொலிசியப் பிடிக்கணும்.

அவங்க பொலிசி கொன்ட்ராக்டர்ஸ் ஓல் ரிஸ்க், கட்டட வேலைக்கு எடுக்கிறது. அதுல மூணாம் தரப்பு பகுதி இருக்கும், ஆனா அதிர்வு, தாங்குதல் எடுபடுறதுக்கு தனியா ஒரு என்டோர்ஸ்மெண்ட் (பொலிசியோட சேக்கிற பிரிவு) வேணும், மியூனிக் ரீங்கிற ஜெர்மன் மறுகாப்புறுதி கம்பெனி வாசகத்துல 120ஆம் நம்பர். அதுல ரெண்டு பொறி. வேலை தொடங்க முன்னாடி உங்க கட்டடம் நல்ல நிலையில இருந்திருக்கணும். அப்புறம், கட்டடத்தோட உறுதியப் பாதிக்காத, ஆளுக்கு ஆபத்தில்லாத மேலோட்டமான வெடிப்புக்குக் காசு இல்ல. நூத்துக்கு எண்பது சண்டை இந்த ரெண்டு வரியிலதான், (இது கணக்கெடுப்பு இல்ல, என் வயித்தெரிச்சல்).

அமெரிக்காவுல புளோரிடா மாநிலத்துல சட்டமே இருக்கு, கட்டட இன்சூரன்ஸ்ல "பேரழிவான நில இடிவு" கட்டாயம் இருக்கணும். ஆனா நாலு நிபந்தனை: நிலம் சடார்னு இடியணும், குழி வெறுங்கண்ணுக்குத் தெரியணும், அத்திவாரம் உட்பட கட்டடம் சேதமாகணும், அரசாங்கம் ஆளை வெளியேறச் சொல்லியிருக்கணும். நாலும் சேரணும். சுவர் வெடிச்சு தரை இறங்கி வியாபாரம் போனாலும் கட்டடம் நிக்குதுன்னா அந்தக் கவர்ல ஒண்ணும் கிடையாது, சிங்க்ஹோல் கவர தனியாக் காசு கட்டி வாங்கியிருக்கணும். நம்ம நாட்டுல அந்த மாதிரிக் கட்டாயமும் இல்ல, பொலிசியில என்ன எழுதியிருக்கோ அதுதான் சட்டம்.


வெள்ளவத்தை_கடைக்காரன் | புதன் காலை 7.48

பொலிசியைத் தேடி எடுத்தன். சப்சிடன்ஸ் இல்லை. வெள்ளம் இருக்கு.

மீட்டர் இரவு முழுக்க அசையேல்ல, அப்ப குடிதண்ணி லைன் பிழையில்லை. பம்ப் தண்ணி பக்கெட்டில பிடிச்சன், அடியில ஒரு சுண்டு விரல் அகலத்துக்கு மணல்.

தம்பி "வேலை தொடங்க முன்னாடி நல்ல நிலை" எண்டு சொன்னதும் ஒரு விசயம் ஞாபகம் வந்துது. பைல் அடிக்க முதல் ரெண்டு பொடியள் கமராவோட வந்து எங்கட கட்டடம் முழுக்கப் படம் எடுத்திட்டு ஒரு பேப்பரில கையெழுத்து வாங்கினவை. கடையில ஆக்கள் நிண்டவை, பள்ளிக்கூடக் கொப்பி வாங்கிற சீசன், வாசிக்காமப் போட்டிட்டன். கேஸ் போடமாட்டன் எண்டு எழுதி வாங்கினவையோ தெரியேல்ல, நித்திரை வரேல்ல.


காப்புறுதி_தம்பி | புதன் காலை 8.02

அண்ணே அது புதையல்! முன்நிலை சர்வே அது. அவங்க தங்களப் பாதுகாக்க எடுத்தது, ஆனா ரெண்டு பக்கமும் வெட்டும். அந்த வெடிப்பு அன்னைக்குப் படத்துல இல்லைன்னா, இன்னைக்கு இருந்தா, வேற சாட்சி என்னத்துக்கு? கையெழுத்துப் போட்டதுக்கு ஒரு கொப்பி உங்களுக்குத் தரணும்னு எழுத்துல கேளுங்க. சத்தம் போடாம, சைட் இஞ்சினியர்கிட்ட மரியாதையாக் கேளுங்க. லோயர் லெட்டர் அடுத்த கட்டம், முதல்லயே அனுப்பினா எல்லாரும் வாய மூடிக்குவாங்க.


சிங்கப்பூர்_செல்வம் | புதன் முற்பகல் 10.15

நான் புதுக்கோட்டைப் பக்கம், சிங்கப்பூர்ல சைட் வேலை, கொழும்பு நண்பர் ஒருத்தர் லிங்க் அனுப்பினாரு. 2025 ஜூலை 26ஆம் தேதி இங்க தஞ்சோங் கத்தோங் ரோட்டுல குழி விழுந்து ஒரு காரு அப்படியே உள்ள போச்சு, பக்கத்து சைட்ல இருந்த நம்ம தமிழ்நாட்டுப் பசங்கதான் கயிறு போட்டு அந்த அம்மாவ தூக்குனாங்க, ஜனாதிபதியே கூப்பிட்டுப் பாராட்டுனாரு. அதுக்கு முந்தின வருஷம் ஆகஸ்ட்ல கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவுல நடந்து போன ஆந்திரா அம்மா ஒருத்தங்க 8 மீட்டர் குழிக்குள்ள போனவங்க கிடைக்கவே இல்ல. கடை வாசல், நடைபாதை. நீங்க வாசல மறிச்சிட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க மொதல்ல.


வெள்ளவத்தை_கடைக்காரன் | புதன் முற்பகல் 10.31

மறிச்சிட்டன் தம்பி. பழைய டிஸ்ப்ளே ஸ்டாண்ட் ரெண்டும் கயிறும். வியாபாரம் பாதியாக் குறைஞ்சிட்டுது, பரவாயில்லை.


தெஹிவளை_ரவி | புதன் பகல் 2.20

சரி, நான் தோத்துட்டேன் போல. ஆனா ராடார் மெசின் ஒண்ணு தள்ளிக்கிட்டே போனா அடியில குழி இருக்கான்னு தெரியுமாமே, அத எடுத்தா போச்சு. எதுக்கு இவ்வளவு துப்பறியிற வேலை?


போர்ஹோல்_பொடியன் | புதன் மாலை 6.44

ஜீபிஆர். நல்ல சாமான்தான், காஞ்ச மணலில அருமையாத் தெரியும். ஆனா களிமண்ணும் உப்புத் தண்ணியும் அந்த அலையை விழுங்கிடும், கடலோரத்தில நிலத்தடித் தண்ணி உவர்ப்பெண்டா அதுக்குக் கீழ ஒண்டும் தெரியாது. கொங்கிரீட் தரைக்கு நேர அடியில வெறுமை இருக்கோ எண்டு பாக்க உதவும், ஆழத்துக்கு நம்பேலாது. நான் எண்டா முதல்ல சுவேஜ் லைனுக்குள்ள கமரா விடுவன். பிறகு தேவையெண்டா கடை வாசலுக்குக் கிட்ட ஒரு போர்ஹோல் (மண் பாக்கத் துளைக்கிற குழாய்க்குழி). 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்தில இருந்து விட்டு, கடைசி 300 மில்லிமீட்டர் கம்பி இறங்க எத்தினை தரம் அடிக்க வேணும் எண்டு எண்ணுறது. மணலில 10க்குக் கீழ எண்டா தளர்வு, 4க்குக் கீழ எண்டா மிகத் தளர்வு, சுத்தியல் வைச்ச உடனயே கம்பி தானா இறங்கினா அங்க வெறுமை, இல்லாட்டி ஒண்டையும் தாங்காத மண். ஜாவத்தை வீதியில இருக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலயும் இந்த வேலையள் கேக்கலாம், தனியாரும் செய்யினம்.

அதுக்கு முதல் காசில்லாத ஒரு சோதனை. குடிதண்ணி லைன் சரி எண்டீங்கள். கழிவுத் தண்ணி லைனுக்கு மீட்டர் இல்லை. மேல் மாடி டொய்லட்டில கடும் நிறம் ஏதாவது கரைச்சு ஊத்தி நல்லாத் தண்ணி விட்டு, அது மேன்ஹோலில வருதா எண்டு பாருங்கோ. ஆய்வுகூடக்காரர் ஃப்ளூரசின் பாவிப்பினம், கிட்ட தூரத்துக்கு கேசரிப் பவுடரும் காணும். அதே நேரம் ஒராள் பக்கத்து சைட் பேஸ்மெண்ட் பக்கமும் ஒரு கண் வைக்கட்டும்.


மலையக_மகள் | புதன் இரவு 7.01

கேசரிப் பவுடரா 😄


வெள்ளவத்தை_கடைக்காரன் | சனி மாலை 5.55

நீட்டு அப்டேட். வாசிக்க இருந்து கொள்ளுங்கோ.

வியாழன் பின்னேரம் மேல் மாடி டொய்லட்டில நிறத் தண்ணி ஊத்தினம். மருமகன் ரோட்டு மேன்ஹோலடியில. நான் சைட் இஞ்சினியர் தம்பியோட (நல்ல பொடியன், மட்டக்களப்பு, அவரும் பயந்துதான் இருக்கிறார்) பேஸ்மெண்ட் விளிம்பில. மேன்ஹோலில நிறம் வந்துது, ஆனா மங்கலா, சாயத் தண்ணி மாதிரி. நாங்கள் சரி எண்டு திரும்பப் போறம், 40 நிமிசம் இருக்கும், ஷீட் பைல் மூலையில ஒரு நீக்கலுக்கால செம்மஞ்சளா வழியுது. சைட் பொடியன் "அண்ணை இது உங்கட தண்ணி" எண்டார். நான் "தம்பி இது உங்கட ஓட்டை" எண்டன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிண்டம்.

வெள்ளி கமரா விட்டாங்கள். எங்கட லைன் பழைய ஓட்டுப் பைப் (சுட்ட களிமண்), அப்பா வாங்க முதலே போட்டது. கடைக்கு அடியால போய் வாசலுக்கு அடியில ஒரு மூட்டு கழண்டு நாலு இஞ்சி விலகி நிக்குது. அப்ப தண்ணி வாற இடம் நான், மண் போற இடம் அவை. மண் எங்க போனது எண்ட பொடியன்ர கேள்விக்கு மறுமொழி கிடைச்சிட்டுது, ஆனா பாதிப் பழி என்ர தலையில.

இப்ப சண்டை என்னெண்டா, மூட்டு முதல் கழண்டு அதால மண் போனதோ, பம்ப்பால மண் போய்ப் பைப் தொங்கி மூட்டுக் கழண்டதோ. முன்நிலை சர்வே கொப்பி கிடைச்சுது, கேஸ் போடமாட்டன் எண்டெல்லாம் ஒண்டும் இல்லை. வாசல் நிலைக்கு மேல வெடிப்பு அண்டைக்குப் படத்தில இல்லை. ஆனா பைப்புக்கு அண்டைக்கு ஒருத்தரும் கமரா விடேல்ல.


காப்புறுதி_தம்பி | சனி இரவு 7.30

கோழியா முட்டையா. ஒரு இழப்பு மதிப்பீட்டாளர் இத வச்சே ரெண்டு வருஷம் ஓட்டுவார். பேசி முடிங்க அண்ணே, அவங்களுக்கும் வேலை நின்னா நாள் கணக்குல நஷ்டம், அதுதான் உங்க பலம். என்ன முடிவானாலும் எழுத்துல.


போர்ஹோல்_பொடியன் | சனி இரவு 9.16

பாதிப் பழி எண்டு யோசிக்காதேங்கோ, அந்தக் காலத்து ஓட்டுப் பைப் மூட்டு நாப்பது அம்பது வருசத்தில ஒழுகாட்டித்தான் அதிசயம். ஒழுகின பைப்போட இந்தக் கட்டடம் இவ்வளவு காலம் நிண்டது, மண்ணுக்குப் போக இடமில்லாததால. போக இடம் நாலு மாசத்துக்கு முதல்தான் திறந்தது. இதைக் கதைக்கேக்க சொல்லுங்கோ.

இனி வேலை ஒழுங்கு முக்கியம். முதல்ல அவை ஷீட் பைல் நீக்கலை வெளியால அடைக்க வேணும், அது அவையின்ர செலவு, இதில விட்டுக்குடுக்காதேங்கோ. ரெண்டாவது உங்கட பைப்பை மாத்துங்கோ, கடைக்கு அடியால போகாம பக்கத்தால புதுப் பாதையில, ரப்பர் வளைய மூட்டு உள்ள பிவிசி. பழையதைச் சும்மா விடாமத் தண்ணிச் சீமெந்துக் கலவையால நிரப்பி மூடுங்கோ, வெறும் பைப் அடியில கிடந்தா அதுவும் ஒரு சுரங்கம். மூண்டாவதுதான் குழி. இறுகின மண் வரும் வரை தோண்டி, அடியில பெரிய கல், அதுக்கு மேல சின்ன மெட்டல் கல்லு, அதுக்கு மேல ஜியோ துணி (தண்ணியை விட்டு மணலைப் பிடிக்கிறது), பிறகு மணலை ஆறாறு இஞ்சியா அமத்தி அமத்தி. பெரிசு கீழ சின்னன் மேல, அப்பதான் தண்ணி போகும், மணல் போகாது. பைப்புக்கு மேல பெரிய கல்லைப் போட்டிடாதேங்கோ, அந்த இடத்தில மணல் மட்டும்.

கடைத் தரைக்கு அடியில உள்ள வெறுமைக்கு, சின்னத் துளை போட்டுக் குறைஞ்ச அமுக்கத்தில கிரௌட் (சீமெந்துக் கலவை) ஏத்துங்கோ. பைப் வேலை முடிய முதல் இதைச் செய்தா கிரௌட் கழண்ட மூட்டுக்கால சுவேஜுக்குள்ள போய் இறுகி ஒழுங்கைக்கே டொய்லட் இல்லாமப் போகும், நான் கண்ணால கண்டது.

ஜப்பானில ஃபுகுவோகாவில 2016 நவம்பர் 8 சுரங்க ரயில் வேலையால 30 மீட்டர் அகலக் குழி விழுந்து ஒரு கிழமையில ரோட்டைத் திறந்தாங்கள் எண்டு உலகமே கை தட்டிச்சுது. அந்த மாசக் கடைசியில அதே இடம் 7 சென்ரிமீட்டர் இறங்கினது, திரும்பப் பூட்டித் திறந்தவை. ஜப்பான்காரனுக்கே அப்பிடி. அதால மூடினாப் பிறகு ஒரு மழைக்காலம் மட்டும் மேல டைல் போடாம விடுங்கோ, கரடு முரடாக் கிடந்தாப் பரவாயில்லை.


சுன்னாகத்தார் | ஞாயிறு காலை 6.20

பொடியன் நல்லாச் சொல்லுறார். ஆனா தம்பி, கிணறு இருக்கோ எண்டு பாத்தனீரோ?


வெள்ளவத்தை_கடைக்காரன் | ஞாயிறு காலை 8.10

பாத்தனான் ஐயா. சேவே பிளானில பின் வளவில ஒரு வட்டம் கிடக்கு. அதுக்கு மேல இப்ப ஜெனரேட்டர் நிக்குது. அது அடுத்த கதை.


கொட்டாஞ்சேனை_அக்கா | ஞாயிறு பகல் 11.44

பதிவுத் தபால் அனுப்பி மூண்டாம் நாள் ஓனர் மேசனோட வந்திட்டார். கார்பெட் கதையே இல்லை. நன்றி தம்பி.


வெள்ளவத்தை_கடைக்காரன் | ஆறு கிழமைக்குப் பிறகு, வெள்ளி இரவு 9.05

ஆராவது பிறகு தேடி வந்து வாசிப்பினம் எண்டு எழுதுறன். லோயரிட்டப் போகேல்ல. ஷீட் பைல் அடைப்பு, கடைத் தரைக் கிரௌட் அவை, பைப்பும் வாசல் குழியும் நான், ஒரு பேப்பரில ரெண்டு பக்கமும் கையெழுத்து, இந்த முறை வாசிச்சுப் போட்டுத்தான் வைச்சன். கிரௌட் ஆக்கள் நினைச்சதை விட மூண்டு மடங்கு கலவை இறங்கிச்சுது, கொப்பி மெசின் இவ்வளவு நாளும் எதுக்கு மேல நிண்டது எண்டு நினைக்க இப்பவும் கை கால் விறைக்குது. பென்சில் கோட்டைத் தாண்டி வெடிப்பு நாலு கிழமையா வளரேல்ல. ஷட்டர் இப்பவும் கொஞ்சம் இறுகுது, நிலை திரும்பி நிமிரப் போறதில்லை எண்டு பொடியன் சொல்லிட்டார். வாசல் இன்னும் டைல் இல்லை, வாறவை எல்லாம் கேக்கினம் கடையை விக்கப் போறியளோ எண்டு.

பொலிசியில சப்சிடன்ஸ் கேட்டன், முதல்ல இஞ்சினியர் ரிப்போர்ட் கொண்டாங்கோ எண்டினம்.


புறக்கோட்டை_நானா | வெள்ளி இரவு 9.40

அல்ஹம்துலில்லாஹ். நம்மட பக்கத்துக் கடைலயும் டைல் சத்தம் வருதாம், இந்த இழைய அனுப்பீக்கேன். கேசரிப் பவுடர் எத்தன கரண்டி போட்ட, அத சொல்லல்லியே?


வெள்ளவத்தை_கடைக்காரன் | வெள்ளி இரவு 9.52

கரண்டிக் கணக்கில்லை நானா, வீட்டில இருந்த ரெண்டு பக்கெட்டும் முழுசாக் கொட்டினது. அம்மா இன்னும் தேடுறா.